ஆற்றங்கரையில் நான் சொன்ன ‘யெஸ்’

நில அளவைத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எதையாவது எழுதித் தரும்படி நம் தமிழ் அளவையாளர் கழகத்தில் கேட்டார்கள். கருவிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் தோளில் சுமந்தவற்றை நீங்கள் சட்டைப்பையில் கொண்டு திரிகிறீர்கள். கணக்கும் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். ஆகவே நான் செய்த ஒரு பிழையை எழுதுகிறேன். அதில் ஒரு பாதி எவருக்கும் நேரக்கூடியது. மற்றப் பாதியை நான் தெரிந்தே செய்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் லண்டனில் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் அளவையாளனாக இருந்தேன். ஸ்கொட்லாந்தின் வடகோடியில் ரயில் கடற்கரையோடு சுற்றி வளைந்து போகிறது. அதை நேராக்கி, உள்ளே இருக்கும் வெட்டவெளியைக் குறுக்கறுத்து ஒரு பாதை போட ஏலுமா என்று பார்க்கும் வேலை எங்களிடம் வந்தது. அந்தப் பாதை கடைசிவரை போடப்படவில்லை. நாங்கள் அளந்த வரைபடங்கள் எங்கே என்றுகூட இன்று யாருக்கும் தெரியாது.

அங்கே மரம் இல்லை, வேலி இல்லை, வீடு இல்லை. புல்லும் பாசியும் மக்கி மக்கிக் கருஞ்சேறாகிப் பரந்து கிடக்கும் நிலம். மேலே பார்த்தால் காய்ந்த தரைபோலத் தெரியும். கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும். லண்டனில் நோர்தேர்ன் லைனின் தென்கோடியான மோர்டனில் ரயிலேறி அலுவலகம் போய் வந்த எனக்கு அது வேறொரு கிரகம். முதல் நாள் ஜெறோம் நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அண்ணை, நாங்கள் நோர்தேர்ன் லைனிலை ஏறினனாங்கள். இறங்க மறந்துபோனம் போலை கிடக்கு.”

ஜெறோம் மன்னார்ப் பிள்ளை. எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதியாக வந்து, இங்கே படித்து, என் சிபாரிசில் எங்கள் நிறுவனத்தில் சேர்ந்தவன். வாய் ஓயாது. “உந்தச் சேத்துக்குள்ளை ரயில் விட்டா ஆர் ஏறப்போகினம்? மானுக்குத்தான் சீசன் டிக்கெட் குடுக்கோணும்” என்பான். அவன் பகிடி விட்டால் எனக்குக் குளிர் தெரியாது.

எங்கள் மூவரில் தலைவர் ஒரு யோர்க்‌ஷயர்க்காரர். பெயர் வேண்டாம். நானும் ஜெறோமும் எங்களுக்குள் அவரைப் ‘பெரியவர்’ என்போம். ஜெறோம் சில வேளை ‘கிழவன்’ என்பான். லண்டனில் என் கொழும்புத் தராதரப் பத்திரத்தை எவரும் திறந்து பார்க்காத காலத்தில், “சிலோனில் அளந்த நிலமும் நிலம்தானே” என்று சொல்லி எனக்கு வேலை தந்தவர் அவர். அதிகம் பேசமாட்டார். யாராவது ஒன்று கேட்டால், அந்தக் கேள்வியைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். வெளிக்களத்தில் அவருக்கு ஒரே ஒரு கட்டளைதான்: ஆளை எண்ணாமல் வண்டியை எடுக்காதே. மூன்றே பேர் இருந்தாலும் விரலை நீட்டி எண்ணுவார்.

அந்த ஆண்டு அவருக்குக் காது சற்று மந்தமாகியிருந்தது. தொலைபேசியில் இரண்டு தரம் கேட்பார். அலுவலகத்தில் இளையவர்கள் சிரித்துக்கொள்வார்கள். “பெரியவரிட்டை லீவு கேக்கிறதெண்டா இடப்பக்கம் நிண்டு கேக்கப்படாது அண்ணை. வலப்பக்கக் காதுதான் லீவு தாற காது” என்று ஜெறோம் எனக்கு அறிவுரை சொல்லியிருக்கிறான்.

அன்றைய வேலை ஓர் ஆற்றின் இரு கரையிலும் நடந்தது. நான் தென்கரையில் கருவியோடு நின்றேன். ஜெறோம் வடகரையில் பிரிசம் பொருத்திய கோலைப் பிடித்துக்கொண்டு இடம் மாறி இடம் மாறி நின்றான். அவனுக்கும் பின்னால், மேட்டிலிருந்த சரளைத் தடத்தில், பெரியவர் ஜீப்பில் இருந்தார். மூவரிடமும் வோக்கி டோக்கி இருந்தது. வேலை முடிந்ததும் ஜெறோம் பலகைப் பாலத்தால் ஆற்றைக் கடந்து என் வான் வண்டிக்கு வரலாம். அல்லது மேடேறிப் பெரியவரின் ஜீப்புக்குப் போகலாம். எது கிட்டவோ அது. அப்படி ஒழுங்கு செய்தவன் நான். ஒரு மனிதனுக்குத் திரும்பிப் போக இரண்டு வழி வைத்தால், அவனைத் தேடவும் இரண்டு இடம் வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பின்னேரம் பனிமூட்டம் இறங்கியது. நீங்கள் லண்டனில் காணும் மூட்டமல்ல. நீட்டிய கையின் விரல் தெரியாது. கூடவே ஈரப்பனி கொட்டத் தொடங்கியது.

“அண்ணை, ஒண்டும் தெரியேல்லை. கோலைப் பிடிச்சுக்கொண்டு என்ரை காலைத் தேடுறன்” என்று ஜெறோமின் குரல் வந்தது.

“இண்டைக்குக் காணும். வேலையை விட்டிட்டு வெளிக்கிடும்.”

“எங்காலை போறது? உங்களிட்டையோ, கிழவனிட்டையோ?”

“எது கிட்டவோ அங்கை போம்.”

“சரி அண்ணை, வாறன்.”

அதோடு அவனுடைய வோக்கி டோக்கியின் பற்றரி செத்துப்போனது. ‘வாறன்’ என்பதை நாங்கள் வரும்போதும் சொல்வோம், விடைபெறும்போதும் சொல்வோம். என்னிடம் வருகிறானா, என்னிடமிருந்து விடைபெறுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. பாலத்தடியில் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை.

சிறிது நேரத்தில் பெரியவர் வோக்கி டோக்கியில் கூப்பிட்டார். வழமைபோல ஆளை எண்ணுகிறார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் அப்படியே தருகிறேன்: “ஜெறோம் உன் பக்கம் வரவில்லையா?”

நான் “யெஸ்” என்றேன்.

“குட்” என்றார். “பனி தடத்தை மூடிவிடும். உடனே இறங்குவோம்.”

என் மனதில் நடந்தது இது. ஓம், வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் ‘குட்’ என்கிறார். என்னிடம் வராதவன் அவரிடம் போயிருக்க வேண்டும். எண்ணாமல் அவர் வண்டியை எடுக்கமாட்டார். ஆகவே எண்ணிவிட்டார். நான் நிம்மதியாகக் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வானை எடுத்தேன்.

அவர் மனதில் நடந்தது என்ன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தென்கரையிலிருந்து போகும் தெரு நெடுந்தூரம் சுற்றிக்கொண்டுதான் நாங்கள் தங்கியிருந்த விடுதிக்குப் போகும். நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவர் வாசலில் நின்றார். வானின் மற்ற இருக்கையைப் பார்த்தார். நான் அவருடைய ஜீப்பைப் பார்த்தேன்.

“எங்கே அவன்?” என்றார்.

“உங்களோடு இல்லையா?”

“உன் பக்கம் வந்துவிட்டான் என்று சொன்னாயே.”

“வரவில்லை என்றல்லவா சொன்னேன்.”

“நீ யெஸ் என்றாய்.”

“இல்லை சேர். வரவில்லை என்றுதான் சொன்னேன்.”

அந்த நேரத்தில் நான் பொய் சொல்லவில்லை. என் காதில் இருந்தது ‘வரவில்லை’ என்பதுதான். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் இடக் காதைக் கையால் பொத்தி எடுத்தார். உள்ளே போய்ப் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தார்.

விடிந்த பிறகுதான் ஜெறோமைக் கண்டுபிடித்தார்கள். அவன் மேடேறிச் சரளைத் தடத்துக்கு வந்திருக்கிறான். ஜீப் இல்லை. அதன் சில்லுகள் பதிந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து, மூட்டத்துக்குள் தடம் தவறி, நீர் வடியும் ஒரு கானுக்குள் விழுந்து முழங்காலின் கீழே எலும்பு முறிந்து கிடந்தான். உயிர் இருந்தது. இன்னும் சற்றுப் பிந்தியிருந்தால் இராது என்றார் வைத்தியர்.

இன்வர்னஸ் ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலடியில் போய் இருந்தேன். முகம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. வாய் மட்டும் பழைய வாய்தான்.

“சில்லுத் தடம் புதுசாக் கிடந்தது அண்ணை. குனிஞ்சு தொட்டும் பாத்தனான். கிழவன் என்னை விட்டிட்டுப் போகாது, பெற்றோல் அடிக்கத்தான் போயிருக்கும் எண்டு நினைச்சன்.”

“உந்தக் காட்டுக்குள்ளை எங்கையடா பெற்றோல்?”

“அதைத்தான் நானும் கானுக்குள்ளை கிடந்து யோசிச்சனான்.” சிரிக்கப் பார்த்து, நோவில் முகத்தைச் சுளித்தான். “செபமாலை சொல்லிக்கொண்டு கிடந்தன். விரல் விறைச்சுப்போய் எத்தினையாவது மணியிலை நிக்கிறன் எண்டு தெரியேல்லை. பரவாயில்லை, மாதா கணக்கு வைச்சிருப்பா.”

பிறகு கேட்டான்: “ஏன் அண்ணை கிழவன் போனது?”

“உம்மை நான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு பிழையா விளங்கிப்போட்டார்.”

“காது,” என்றான் ஜெறோம். “பாவம்.”

லண்டனுக்குத் திரும்பினோம். நிறுவனத்தில் விசாரணை என்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒரு மேசையைச் சுற்றி இருந்து கேட்டார்கள். பெரியவர் தனக்கு ‘யெஸ்’ என்று கேட்டதாகச் சொன்னார். நான் ‘வரவில்லை’ என்று சொன்னதாகச் சொன்னேன். காது மந்தமான ஒருவரும் நல்ல காதுள்ள ஒருவரும் சொன்னால், எதை நம்புவார்கள்? பெரியவரே என்னை நம்பினார். இயக்குநரின் முடிவுக்கு ஒரு கிழமை, ஏழு நாள், அவகாசம் இருந்தது.

அந்தக் கிழமையில் ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். மனைவி ஆஸ்பத்திரி ஷிப்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். லண்டனில் பிறந்த என் மகள், அப்போது சின்னப்பிள்ளை, குசினி வாசலில் நின்று ஆங்கிலத்தில் கேட்டாள்: “அப்பா, நீங்கள் சாப்பிடவில்லையா?”

“யெஸ்” என்றேன்.

அவள் முகத்தைச் சுருக்கினாள். “யெஸ், யூ ஹாவ்? ஓர் யெஸ், யூ ஹாவன்ட்?”

மனைவி கோட்டுக்குக் கை நுழைத்தபடி சிரித்தாள். “உவர் இங்கிலீசிலை தமிழ் கதைக்கிறவர் பிள்ளை. உன்ரை பள்ளிக்கூடத்திலையும் உப்பிடித்தான். ‘உங்கடை மகளுக்கு ஊசி போடேல்லையோ’ எண்டு டீச்சர் கேக்க, ‘யெஸ்’ எண்டிட்டு வந்து நிண்டவர். உனக்கு ஊசியே போடாமல் விட்டிட்டினம்.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு இது புதிதாக இராது, இருந்தாலும் விளக்கிவிடுகிறேன். “வரேல்லையோ?” என்று கேட்டால், வராவிட்டால் நாம் “ஓம்” என்போம். கேட்டவர் சொன்னது சரி, வரவில்லை என்று பொருள். வெள்ளைக்காரன் அதே கேள்விக்கு, வராவிட்டால் ‘நோ’ என்பான். அவனுக்கு ‘யெஸ்’ என்றால் வந்துவிட்டான். அலுவலகத்தில், தேநீர் மேசையில், எனக்கு இது ஒருபோதும் தவறியதில்லை. நான் ஆங்கில ஊடகத்தில் படித்தவன்; என் ஆங்கிலத்தில் எனக்குக் கர்வம் உண்டு. ஆனால் களைப்பிலும் பயத்திலும் நாக்கு தான் பிறந்த இடத்துக்குப் போய்விடுகிறது. மூட்டத்துக்குள் ஒரு பிள்ளையைத் தொலைத்துவிட்டு நின்றவன் தமிழில்தான் யோசித்தான். சொல் மட்டும் ஆங்கிலத்தில் வந்தது.

ஆகவே இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வானொலியில் ‘இல்லையா’ என்று முடியும் கேள்வியைக் கேட்காதீர்கள். அப்படி யாராவது கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லாதீர்கள். ஆளின் பெயரையும் அவர் எங்கே என்பதையும் முழு வசனமாகச் சொல்லுங்கள். ‘ஜெறோம் என்னிடம் இல்லை.’ இவ்வளவுதான். இதைச் சொல்லியிருந்தால் அவன் கால் முறிந்திராது.

இதுவரை சொன்னது முதல் பாதி. யாருக்கும் நேரக்கூடியது.

அடுத்த நாள் காலை ரயிலில் போகும்போது, போனதும் பெரியவரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அலுவலகப் படியேறும்போது அந்த முடிவு தளர்ந்துவிட்டது. என்ன காரணம் என்று கேட்பீர்கள். நம்மவர்களுக்கு ஆங்கிலம் விளங்காது என்று ஆகிவிடும், அடுத்து வேலை கேட்டு வரும் தமிழ்ப் பிள்ளைக்குக் கதவு அடைபடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உண்மை வேறு. ‘நீ யெஸ் என்று சொன்னாய்’ என்று அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள் என்னைப் பார்க்கப்போகும் பார்வையை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். அதைவிட, பெரியவர் விலகினால் களப் பொறுப்பு எனக்குத்தான் வரும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

மத்தியானம் அவர் என்னை நடைவழியில் நிறுத்தினார். வலக் காதை என் பக்கம் திருப்பினார்.

“ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ சொன்னது என்ன? சரியாக அந்தச் சொல்.”

“அவன் வரவில்லை என்று சொன்னேன் சேர்.”

“அவன் வரவில்லை என்று சொன்னாய்,” என்று தன் வழக்கப்படி சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டினார். “நான் அதை யெஸ் என்று கேட்டிருக்கிறேன்.”

தமிழில் நான் சொன்னது உண்மை. அவர் கேட்டது ஆங்கிலத்தில்.

காதுப் பரிசோதனையில் பெரிய குறை ஒன்றும் இல்லை, அந்த வயதுக்கு வருவதுதான் என்று வந்தது. நிறுவனம் அவரைப் போகச் சொல்லவும் இல்லை. அவராகத்தான் விலகினார். “ஒரு பையனை விட்டுவிட்டு வந்தவன் இனி யாரையும் கூட்டிக்கொண்டு போகக்கூடாது” என்று இயக்குநரிடம் சொன்னாராம். ஜன்னல் வைத்த அவருடைய அறைக்குக் களப் பொறுப்போடு நான் மாறினேன். ஜெறோமுக்குக் காலை நொண்டித் தாண்டும் நடை மாறவில்லை. வெளிக்களம் ஏலாது என்றாகி, வரைபடப் பிரிவில் உட்கார்ந்தான்.

இதைவிட மோசமான ஒன்றையும் சொல்ல வேண்டும். பிறகு வந்த ஆண்டுகளில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்தக் கதையை நானே பாடமாகச் சொல்லத் தொடங்கினேன். வெளிக்களத்துக்குப் போகுமுன் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று முடிப்பேன். நன்றாகச் சொல்வேன். எல்லோரும் கவனமாகக் கேட்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் அப்படிச் சொல்லி முடித்தபோது, பின் வரிசையில் ஜெறோம் இருந்ததைக் கண்டேன். எல்லோரும் போனபின் தாண்டித் தாண்டி வந்தான்.

“அண்ணை, உந்தக் கதையை இனி விடுங்கோ. கிழவன் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கேக் கொண்டு வீட்டை வருது. வந்து என்ரை காலைப் பாத்து மன்னிப்புக் கேக்குது. என்ரை மனிசிக்கு முன்னாலை. எனக்குப் பாக்க ஏலாமல் கிடக்கு.”

எனக்கு அது தெரியாது. அந்த இடத்திலேயே, கதிரைகள் கலைந்து கிடந்த அந்த அறையிலேயே, அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். யெஸ்ஸையும் சொன்னேன், குசினியையும் சொன்னேன், நடைவழியையும் சொன்னேன். அவனிடமிருந்து வழக்கமான பகிடி ஒன்றும் வரவில்லை.

“என்னட்டைச் சொல்லி என்ன,” என்றான் கடைசியில். “போய் அவரிட்டைச் சொல்லும்.”

அதுவரை அவன் எனக்கு மரியாதையாகச் ‘சொல்லுங்கோ’ என்பதைத் தவிர வேறு சொன்னதில்லை. அன்று ‘அண்ணை’யும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை போனேன். பெரியவர் தேம்ஸ் கரைப் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டில் மனைவியோடு இருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். இப்போது உண்மையாகவே காது போயிருந்தது. வலக் காதில் கருவி வைத்திருந்தார். பின்பக்கத் தோட்டத்தில் இருத்தித் தேநீர் தந்தார். நிறுவனத்தைப் பற்றி விசாரித்தார். ஜெறோமின் கால் எப்படி என்று கேட்டார். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவருடைய வலப்பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு, சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அந்த நாள் நான் யெஸ் என்றுதான் சொன்னேன். எங்கள் மொழியில் அந்தக் கேள்விக்கு அப்படித்தான் பதில் வரும். உங்கள் காதில் பிழை இருக்கவில்லை.

அவர் வலக் காதிலிருந்த கருவியைத் தொட்டுப் பார்த்தார்.

“நீ யெஸ் என்று சொன்னாய்,” என்றார்.

“ஓம் சேர். யெஸ் என்று சொன்னேன்.”

அவர் முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். “கேட்டாயா? எனக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது! அவன் யெஸ் என்றுதான் சொன்னானாம்!” அந்த அம்மா துடைக்கும் துணியோடு வாசலுக்கு வந்து, அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் என் முழங்காலில் தட்டினார். நான் திட்டு வாங்கத் தயாராகப் போனவன். அவர் மகிழ்ந்தது எனக்குத் தாங்கவில்லை.

பிறகு அவர் கை என் முழங்காலிலேயே நின்றது.

“எப்போது கண்டுபிடித்தாய்?” என்றார்.

பொய் சொல்ல அங்கே இடம் இருந்தது. போன மாதம் என்றிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

“அதே கிழமை,” என்றேன். “நடைவழியில் நீங்கள் என்னைக் கேட்பதற்கு முதல்நாள்.”

கையை எடுத்துக்கொண்டார். மனைவி உள்ளே போய்விட்டாள். நான் ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்லத் தொடங்கினேன். ஆங்கிலம் விளங்காதவன் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயத்தைச் சொன்னேன். அவருடைய அறையை நான் விரும்பியதைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவர் தலையைச் சரித்து, காதிலிருந்த கருவியைக் கழற்றி, தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் இன்னும் பேசிக்கொண்டிருந்தேன்.